ஆலை ஓசையும் ஆலய ஓசையும்: மலையகப் பாட்டில் சமயப் போலி

இசைத்தட்டு வரலாற்றில் 'சிங்கிள்' எனப்படும் தனிப்பாடல் வெளியீடு, முழுத் தொகுப்பு ஒன்றைக் கேட்டு முடிக்கும் பொறுமையை வேண்டாது, நான்கைந்து நிமிடங்களுக்குள் ஒரு கருத்தைச் சொல்லி முடிக்கும் வடிவமாகும். தொழிற்சாலையின் இரைச்சலையே இசைக்கருவியாக்கிக்கொண்ட 'இன்டஸ்ட்ரியல் ராக்' என்னும் மேலைநாட்டுப் பாணி, 1980களிலும் 1990களிலும் இவ்வடிவத்தைக் கையிலெடுத்து, சமயப் போலியைத் தன் இலக்குகளுள் முதன்மையான ஒன்றாக வைத்துக்கொண்டது. அப்பாணி எவ்வாறு இயங்கியது என்பதை முதலில் விளக்கி, அவ்விளக்கத்தின் துணையோடு இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வட்டாரத் தேயிலைத் தோட்டங்களின் பாட்டு மரபை ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம். ஆலையின் ஓசைக்கும் கோயிலின் ஓசைக்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்துவரும் மக்கள், கடவுளின் பெயரால் தம்மேல் நடந்தவற்றைத் தம் பாட்டில் எங்கே வைத்தனர் என்பதே ஆய்வின் கேள்வி.

'சமயப் போலி' என்னும் தொடர் இங்குக் கடவுள் மறுப்பைக் குறிக்கவில்லை. நம்பிக்கையின் சொற்களையும் சடங்குகளையும் கொண்டு, அந்நம்பிக்கைக்கே மாறான பணத்தையோ பதவியையோ பிறர்மேல் செலுத்தும் அதிகாரத்தையோ பெருக்கிக்கொள்ளும் நடத்தையையே அது குறிக்கிறது. தமிழில் இந்நடத்தையைச் சாடியோருள் பலர் ஆழ்ந்த நம்பிக்கையாளர்கள் என்பதற்குச் சிவவாக்கியரும் வள்ளலாரும் சான்று. ஆகவே போலியைச் சாடுவது வெளியிலிருந்து வந்த பழக்கம் என்னும் வாதம் தமிழ்ச் சூழலில் நிற்காது.

இன்டஸ்ட்ரியல் என்னும் பெயர் 1976இல் லண்டனில் நிலைபெற்றது. அவ்வாண்டில் 'த்ராபிங் கிரிசில்' என்னும் நால்வர் குழு தன் வெளியீட்டு நிறுவனத்திற்கு 'இன்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று பெயரிட்டது. எஃகு நகரமான ஷெஃபீல்டில் 1973 முதல் இயங்கிவந்த 'கபரே வோல்டேர்' குழு ஒலிநாடாக்களை வெட்டி ஒட்டிப் பாட்டமைத்தது. 1980இல் மேற்கு பெர்லினில் தோன்றிய 'ஐன்ஷ்டூர்சண்டே நொய்பாவ்டன்' குழு இரும்புத் தகடுகளையும் துளைக்கும் எந்திரங்களையும் மேடைக்குக் கொண்டுவந்தது. பழைய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் இசைத்தனர் என்பது கவனத்திற்குரியது. தந்தையரின் உடலை ஒடுக்கிய ஓசையைப் பிள்ளைகள் தம் கையில் எடுத்து, எவ்வளவு உரக்க, எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்தனர். இவ்வோசையோடு ராக் இசையின் கிதாரும் முரசும் சேர்ந்தபோது, 1980களின் இறுதியில் அமெரிக்காவில் 'மினிஸ்ட்ரி', 'நைன் இஞ்ச் நெய்ல்ஸ்' போன்ற பெயர்களின் கீழ் இன்டஸ்ட்ரியல் ராக் பரவலான கேட்பைப் பெற்றது.

இப்பாணியின் செயல்முறைகளுள் இவ்வாய்வுக்கு மிகவும் வேண்டியது 'சாம்பிளிங்' எனப்படும் ஒலித்துண்டு எடுத்தாளல் ஆகும். வேறெங்கோ பதிவான ஒரு பேச்சையோ ஓசையையோ துண்டாக வெட்டி, பாட்டின் தாளத்திற்குள் மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்வதே அம்முறை. கபரே வோல்டேர் 1981இல் வெளியிட்ட ஒரு பாடலில், தொலைக்காட்சியில் நன்கொடை கேட்டு அதட்டிய அமெரிக்கப் போதகர் ஒருவரின் குரலே முதன்மைக் குரலாக அமைந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த 'ஃப்ரண்ட் 242' குழு 1988இல் அதே உத்தியை நடன இசைக்குள் புகுத்தி, ஏழைகளுக்குச் செல்வம் வாக்களிக்கும் போதகரின் குரலை எந்திரத் தாளத்தின்மேல் ஏற்றியது. தொலைக்காட்சிப் போதகர்களின் பெயர் அமெரிக்காவில் நாறிக்கொண்டிருந்த காலம் அது. ஜிம் பேக்கர் 1987இல் பதவி விலகி 1989இல் மோசடிக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார். ஜிம்மி ஸ்வாகர்ட் 1988 பெப்ரவரியில் தொலைக்காட்சி முன் கண்ணீர் விட்டார். பாடகர் எதையும் வாதிட வேண்டியிருக்கவில்லை; குற்றம் சாட்டப்பட்டவரின் சொல்லே ஆலையின் தாளத்தில் திரும்பத் திரும்ப வந்தபோது அதன் வாணிகத் தன்மை தானே வெளிப்பட்டது.

நைன் இஞ்ச் நெய்ல்ஸ் 1990இல் வெளியிட்ட 'ஹெட் லைக் எ ஹோல்' என்னும் தனிப்பாடல் இன்னொரு வழியில் சென்றது. பணத்தையே கடவுளாக விளித்து, வழிபாட்டின் மொழியைக் கொண்டே அதற்குப் பணிய மறுக்கிறது அப்பாடல். அதன் பின் வந்த பல பாடல்கள் கடவுளை ஏசுவதிலேயே நிறைவு கண்டன. அவற்றின் இரைச்சல் பெரிது, பொருள் சிறிது என்றே சொல்ல வேண்டும். இப்பாணியின் வலிமை ஏச்சில் இல்லை. அதிகாரம் தன்னைக் கேட்கச் செய்யப் பயன்படுத்தும் ஓசையைக் கைப்பற்றி, அதே ஓசையை அவ்வதிகாரத்தின் முன் ஒலிக்கச் செய்வதில்தான் அது இருக்கிறது. இந்த அளவுகோலோடு மத்திய மலைநாட்டை நோக்கும்போது, இதுவரை பெரிதும் கவனிக்கப்படாத சில செய்திகள் துலங்குகின்றன.

ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக்கியதும், 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்ததும், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பருவந்தோறும் வந்து சென்ற தொழிலாளர்கள் ஆண்டு முழுவதும் மலையில் தங்க நேர்ந்ததும் பலரும் அறிந்த வரலாறு. அவ்வரலாற்றின் செவிப்புலப் பகுதியே இங்கு வேண்டியது. தேயிலை என்பது வயலும் ஆலையும் ஒரே வேலிக்குள் அமைந்த தொழில். பறித்த கொழுந்து தொழிற்சாலையின் மேல்மாடியில் வாட்டப்பட்டு, ரோலர் எனப்படும் உருளை எந்திரத்தில் அரைபட்டு, புளிக்க வைக்கப்பட்டு, பெல்ஃபாஸ்ட் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன் உருவாக்கிய சிரோக்கோ போன்ற உலர்த்தும் எந்திரங்களில் காய்ந்து, சலிக்கப்பட்டுத் தூளாகும். கொழுந்து காத்திருக்காது என்பதால் ஆலை இரவிலும் ஓடும். லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டில், உறங்கும் குழந்தையின் காதில் முதலில் விழும் ஓசைகளுள் அதுவும் ஒன்று. ஆயினும் தோட்டத்தின் நாளைத் தொடங்கிவைத்த ஓசை ஆலையிலிருந்து வரவில்லை. விடியுமுன், குளிரில் தோலைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றி அடிக்கப்பட்ட தப்பே அதைத் தொடங்கிவைத்தது.

தப்பு என்பது வட்டச் சட்டத்தில் தோல் போர்த்திய, இரு குச்சிகளால் அடிக்கப்படும் பறை. தொழிலாளரைப் பெரட்டுக்களத்திற்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் களத்திற்கு, அழைக்க அது அடிக்கப்பட்டது. மடகொம்பரையில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, ஆங்கிலத்தில் எழுதிய தம் நெடுங்கவிதையில் விடியலின் இப்பறையொலிக்கு முதன்மை தந்தார். அக்கவிதையைச் சக்தீ அ. பாலஐயா பின்னர் தமிழாக்கினார். அதே தப்பு மாரியம்மன் திருவிழாவில் கரகத்தின் முன்னும், காமன் கூத்தில் ரதி மன்மதனின் முன்னும், சாவு வீட்டில் பாடையின் முன்னும் அடிக்கப்பட்டது. ஒரே கருவி துரையின், அதாவது தோட்ட மேலாளரின், கடிகாரமாகவும் அம்மனின் அழைப்பாகவும் இருந்தது. அதை அடித்த கை பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட ஒரே சாதியின் கை. ஒரு நூற்றாண்டு கழித்து ஐரோப்பியர் தேடிச் சென்ற ஆலைப் பறை, வேறெவரும் அதற்கு அப்பெயரைத் தராத காலத்திலேயே மலையகத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது என்று கூறுவது மிகையாகாது.

சமயமும் நிர்வாகமும் இவ்வாறு ஒரே தோலில் ஒலித்தமை தற்செயலன்று. தோட்டக் கோயில்களுள் பல மரத்தடிக் கல்லாகத் தொடங்கி, பெரிய கங்காணியின் முயற்சியால் கட்டடமாக உயர்ந்தன. கங்காணி என்பவர் ஊரிலிருந்து ஆளைத் திரட்டி வந்து, வழிச்செலவை அவர்கள்மேல் கடனாக எழுதி, தோட்டத்தில் அவர்களை மேற்பார்வை செய்து, அவர்கள் வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்றவர். கடனைக் குறித்துக் கொடுத்து ஆளைத் தோட்டத்திற்குத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. இத்தகையவர் கோயிலின் தருமகர்த்தாவாகவும் அமைந்தபோது, திருவிழாவின் முதல் மரியாதை அவருக்கே உரியதாயிற்று. கடன்பட்டவனின் கண்ணெதிரே கடன் கொடுத்தவரின் கழுத்தில் அம்மனின் மாலை விழுந்தது. துரைமார் திருவிழாவை எதிர்க்கவில்லை. விடுமுறை தருவதும், மரமும் தகரமும் வழங்குவதும், விழா நாளில் வந்து மாலை ஏற்பதும் தோட்டத்தின் அமைதிக்கு மலிவான வழிகள் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

கிறித்தவத் தரப்பிலும் நிலைமை பெரிதும் வேறன்று. 1850களில் தொடங்கிய 'தமிழ் கூலி மிஷன்' தோட்டத் தொழிலாளரிடையே போதனையையும் பள்ளிகளையும் கொண்டுசென்றது. ஆயினும் அதன் செலவில் தோட்ட முதலாளிகளின் பங்கும் இருந்தது. சம்பளம் கொடுப்பவரே போதனைக்கும் பணம் கொடுக்கும் இடத்தில், போதனை எதைப் பேசும், எதைப் பேசாது என்பது ஊகிக்கத்தக்கதே. இதற்கு மறுதலையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று: இயேசு சபைத் துறவியான போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் 'சத்தியோதய' நிறுவனத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் குடியுரிமைக்காகவும் கூலிக்காகவும் சபையின் வசதியான மௌனத்திற்கு எதிராகவே பல்லாண்டுகள் உழைத்தார்.

கோயிலின் பொருளியலை இன்னும் சற்று அருகில் சென்று காண வேண்டும். பல தோட்டங்களில் கோயில் வரி அல்லது கோயில் சந்தா, தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே செக்ரோல் வழியாகப் பிடிக்கப்பட்டது. செக்ரோல் என்பது யார் எத்தனை நாள் வேலை செய்தார், யாருக்கு முழுநாள் கூலியான முழுப்பேர், யாருக்கு அரைநாள் கூலியான அரைப்பேர் என்பதைக் குறிக்கும் சம்பளப் பதிவேடு. பக்தியின் காணிக்கை அரிசிக் கடனுக்கும் முற்பணத்திற்கும் பக்கத்தில் ஒரு பத்தியாக அப்பதிவேட்டில் இடம்பெற்றது. தீபாவளி முற்பணமும் அவ்வாறே: திருநாளுக்கென ஒரு தொகை முன்னதாக வழங்கப்பட்டு, அடுத்துவரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து தவணையாகக் கழிக்கப்படுகிறது. பண்டிகை கடனாகவே வந்து கடனாகவே போகும் இவ்வமைப்பில் யாரும் யாரையும் ஏமாற்றுவதாகச் சொல்ல முடியாது. ஆனால் சமய நாட்காட்டியும் கடன் நாட்காட்டியும் ஒன்றாகிவிட்டன.

ஆர். ஜெயராமன் 1975இல் வெளியிட்ட, மூன்று தேயிலைத் தோட்டங்களைப் பற்றிய ஆங்கில ஆய்வு நூல், சாதி தோட்டத்திற்கு வந்தும் எவ்வாறு தொடர்ந்தது என்பதை விரிவாக ஆராய்ந்தது. எல்லாச் சாதியினரும் ஒரே மலையில் ஒரே கூலிக்குக் கொழுந்து எடுக்கும் இடத்தில், தொழில்வழிச் சாதிப் பிரிவினை பெருமளவு தளர்ந்தது. தளராமல் நின்ற இடங்களுள் திருமணமும் திருவிழாவும் முதன்மையானவை. யார் கரகம் எடுப்பது, யாருக்கு முதலில் திருநீறு, யார் நாதஸ்வரத்தின் பக்கத்தில் நடப்பது, யார் தப்போடு முன்னே சென்று வாசலில் நின்றுவிடுவது என்னும் வரிசைகள் அங்கே பேணப்பட்டன. யாழ்ப்பாணத்தில் சிக்கல் கோயிற் கதவிலேயே இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அதற்கு அடையாளம். அப்போராட்டத்தையொட்டி என். கே. ரகுநாதன் எழுதி, இளைய பத்மநாதன் காத்தவராயன் கூத்துப் பாணியில் அமைத்த 'கந்தன் கருணை', கோயிலின் கடவுளையே ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிறுத்தியது. தோட்டத்தில் கதவு பெரும்பாலும் திறந்தே இருந்ததால் அத்தகைய நேரடி மோதலுக்கு வாய்ப்புக் குறைந்தது. வரிசையின் வழியாகச் செய்யப்படும் இழிவைப் பாட்டால் தாக்குவது கடினம். பூட்டிய கதவைத் தாக்குவது எளிது.

இனி, மலையகப் பாட்டுகள் யாரைச் சாடின என்பதைக் காணலாம். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்', சாரல் நாடனின் 'மலையக வாய்மொழி இலக்கியம்' ஆகிய நூல்களின் துணையால் இம்மரபின் பரப்பு தெரிகிறது. கொழுந்து எடுக்கும்போது பாடியவை, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி, கோப்பிக் காலத்து வழிநடைத் துயரம் என விரியும் அப்பாடல்களில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் நேரடியாகவே ஏசப்படுகின்றனர். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்துவந்த பொய் இன்றும் மலையகத்தில் பேசப்படுகிறது. பூசாரியோ தெய்வமோ அவ்வாறு ஏசப்படுவது குறைவு. இதைக் கொண்டு, மலையக மக்கள் சமயத்தைக் கேள்வியின்றி ஏற்றனர் என்று சிலர் முடிவு கட்டக்கூடும். அம்முடிவு தவறானது. கங்காணியே தருமகர்த்தாவாக இருந்த இடத்தில், கங்காணியை ஏசிய பாட்டு தருமகர்த்தாவையும் ஏசியதுதான். மலையகத்தில் சமயப் போலிக்குத் தனி ஆளில்லை. அது கூலி பிடித்தவரின் மறுமுகம். பூசாரியைத் திட்டும் பாட்டை மட்டும் தேடிச் செல்பவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது.

இவ்வாய்வில் மிகுந்த கவனத்திற்குரியது காமன் கூத்து. மாசி மாத அமாவாசைக்குப் பின் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிக்கும் வரை தோட்டம் முழுவதையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும் இக்கூத்து, சடங்கும் நாடகமும் பிரிக்க முடியாதபடி கலந்த ஒன்று. மாத்தளை வடிவேலன் போன்றோர் மலையகப் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதியபோது இதற்குச் சிறப்பிடம் தந்தனர். கதை எளியது. தவத்தில் இருக்கும் சிவனின் மனத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர், ரதி தடுத்தும் அவன் செல்கிறான், நெற்றிக்கண்ணால் எரிகிறான், ரதி புலம்புகிறாள், இறுதியில் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு அவன் உயிர் பெறுகிறான். தமிழ்நாட்டு லாவணி மரபில் காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறு கட்சியும் எதிரெதிரே அமர்ந்து வாதிட்டதிலிருந்து, இறைவனின் செயலை வழக்கு மன்றத்தில் நிறுத்தும் துணிவு இச்சடங்கின் உள்ளேயே இருந்தது என்பது தெளிவாகும்.

தோட்டத்தில் இக்கதை வேறொரு பொருளையும் பெற்றது என்று கருத இடமுண்டு. ஏவியவர்கள் தப்பினர், ஏவப்பட்டவன் எரிந்தான். வேலைக்கு அனுப்பியவர் ஒருவர், வேலையில் அழிந்தவர் வேறொருவர் என்னும் நியதியில் அன்றாடம் வாழ்ந்த மக்களுக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. ரதியின் புலம்பல் தாளம் தளர்ந்து ஒப்பாரியாக இறங்கும் இடத்தில், கணவனை இழந்த பெண் ஒருத்தி கடவுளின் முகத்தெதிரே நியாயம் கேட்கிறாள்; ஊரே நின்று கேட்கிறது; கங்காணியும் கேட்கிறார். சாம்பிளிங் உத்தி செய்தது போலவே, சடங்கின் சொந்த மொழி சடங்கின் அதிகாரத்தை வினவும் இடம் இது. ரதி வேடத்தையும் மரபாக ஆண்களே கட்டிவந்தனர் என்பது இதன் குறை. பெண்ணின் வழக்கு பெண்ணின் குரலில் பேசப்படவில்லை.

அக்குறை வேறொரு மேடையில் ஓரளவு நீங்கியது. தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்து, ஹட்டனைத் தளமாகக் கொண்டு 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, கூட்டங்களில் தாமே பாடல் இயற்றிப் பாடினார். இலங்கையில் இந்தியரின் நிலைமையைப் பற்றிய அவருடைய பாட்டுப் புத்தகம் 1940இல் அச்சேறியது. மக்கள் அறிந்த மெட்டில் புதிய செய்தியை ஏற்றி, கூட்டத்தில் பாடி, சிறு புத்தகமாக அச்சிட்டு வழங்கும் அம்முறை, தனிப்பாடல் வெளியீடு செய்யும் வேலையைக் காகிதத்தில் செய்தது. அந்நியர் நுழையத் தடைசெய்யப்பட்ட தனியார் நிலமாகத் தோட்டங்கள் இருந்த காலத்தில், ஆளை வெளியே நிறுத்தலாம். மெட்டை நிறுத்த முடியாது. நடேசய்யர் 1937இல் வெளியிட்ட 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்னும் நாடகமும் கங்காணி அமைப்பையே பொருளாகக் கொண்டது. கணவன் மனைவி இருவரும் சமயத்தைத் தனி எதிரியாகக் கொள்ளவில்லை; தொழிலாளியை விதியின் பெயரால் அடங்கியிருக்கச் சொல்லும் போதனைக்கு மாறாக உரிமையின் மொழியை வைத்தனர்.

சமயத்தைப் பெயர் சொல்லியே கேள்விக்குள்ளாக்கிய இயக்கம் பின்னர் வந்தது. ஏ. இளஞ்செழியன் தலைமையிலான இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் 1950களில் மலையக இளைஞரிடையே பரவி, பகுத்தறிவுக் கூட்டங்களையும் நாடகங்களையும் கொண்டுவந்தது. 1962இல் அரசு அதைத் தடைசெய்தது. பெ. முத்துலிங்கம் இவ்வியக்கத்தைப் பற்றிய தம் நூலுக்கு 'எழுதாத வரலாறு' என்று பெயரிட்டது பொருத்தமே. ஏனெனில் மலையக அரசியல் வரலாறு தொழிற்சங்கங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுவந்ததால், இவ்வியக்கம் விளைவித்த மனமாற்றம் பெரும்பாலும் பக்கத்திற்கு வெளியே நின்றுவிட்டது. ஆயினும் அதன் எல்லையையும் சுட்ட வேண்டும். சென்னையில் உருவான பிராமணிய எதிர்ப்பின் மொழி, அர்ச்சகரைவிடக் கங்காணியே பெரிய சமய அதிகாரியாக விளங்கிய தோட்டத்திற்கு முழுமையாகப் பொருந்தவில்லை. கங்காணியின் ஆட்சி தேய்ந்த பின் தொழிற்சங்கத் தலைவர்கள் கோயிற் குழுவிலும் தலைவர்களாக அமர்ந்தபோது, இம்மொழியால் அதைக் காண இயலவில்லை.

அண்மைக்காலத் தமிழில் இன்டஸ்ட்ரியல் ராக்கின் கண்டனப் பாடலுக்கு மிக நெருங்கி வருவது சென்னையின் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு பாடிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா'. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய இக்குழு 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. அதன் பெயருக்குத் தூண்டுதல் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்து. கானாவும் பறையும் ராப்பும் கிதாரும் அங்கே ஒரே மேடையில் நின்றன. கானா, ஆலைகளும் துறைமுகமும் சூழ்ந்த வட சென்னையின் சாவு வீட்டுப் பாட்டாக வளர்ந்த வடிவம். 10 முதல் 50 வயது வரையான பெண்களைச் சபரிமலைக்குள் விடாத வழக்கத்தை, 2018 செப்டம்பர் 28 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் செல்லாததாக்கிய சூழலில், இராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி இப்பாடலைப் பாடினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். 2024 நவம்பரில் அதே பாடலுக்காக அவர்மீது புகார்களும் மிரட்டல்களும் குவிந்தன. ஆறு ஆண்டுகள் கழித்தும் உறுத்துகிறது என்பது அதன் குறி தவறவில்லை என்பதையே காட்டும்.

அப்பாடலின் நயம் அதன் தொனியில் உள்ளது. அது ஐயப்பனை ஏசவில்லை. மன்னிப்புக் கேட்பதுபோல் அவனிடமே பேசி, மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார் என்னும் வினாவைக் கேட்பவரிடம் விட்டுவிடுகிறது. ரதி நின்ற இடத்தில் இங்கே பெண்ணே பெண்ணின் குரலில் நிற்கிறாள். கார்த்திகை பிறந்ததும் மாலை அணிந்து இருமுடி கட்டும் வழக்கம் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலும் வேரூன்றியுள்ளது. விரதக் காலத்தில் வீட்டின் தூய்மையைக் காப்பவர்கள், அதே நாளில் அட்டை கடிக்கும் மலையில் கூடை சுமந்து கொழுந்து எடுத்து, அப்பயணத்தின் செலவில் ஒரு பங்கையும் ஈட்டும் பெண்கள். மாரியம்மனும் பெண், கோயிற் குழுவில் பெண் அமர்வது மட்டும் இன்றும் அரிது. சபரிமலையைப் பற்றிய பாட்டு மலையகத்திற்கு அயலான செய்தி என்று கூறுவோர் இவ்விவரங்களை எண்ணிப் பார்க்கலாம்.

தப்பின் இன்றைய நிலையோடு இவ்வாய்வு முடிவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 1990களிலிருந்து, திண்டுக்கல் சக்தி கலைக்குழு போன்றவை பறையை இழிவின் அடையாளத்திலிருந்து மீட்டு, பெண்கள் கையிலும் கொடுத்தன. 2023இல், முதல் தொழிலாளர் வந்ததன் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணமும், மலையகம் தன் வரலாற்றைத் தன் பண்பாட்டு வடிவங்களோடு பொதுவெளியில் வைத்த நிகழ்வு. அதே சமயம், தப்படிக்க மறுத்து அத்தொழிலையே கைவிட்ட குடும்பங்களும் தோட்டங்களில் உண்டு. கலை அழிகிறது என்று அவர்களைக் குறைகூறுவது அறியாமை. சாவு வீட்டிலும் கோயில் வாசலிலும் கட்டாயமாக நின்றவர்கள் அவ்வாறு நிற்க மறுத்ததும் சமயப் போலியின்மேல் வைக்கப்பட்ட கண்டனமே. மேடையில் தப்பைப் போற்றிவிட்டு, திருவிழாவில் தப்படிப்பவரை வாசலிலேயே நிறுத்தும் வரை அம்மீட்பு பாதி வேலைதான். ஷெஃபீல்டின் இளைஞர்கள் ஆலையின் ஓசையைக் கைப்பற்றியபோது ஆலை ஏற்கெனவே மூடப்பட்டுக்கொண்டிருந்தது. மலையகத்தில் ஆலையும் ஓடுகிறது, கோயிலும் இயங்குகிறது. கைப்பற்றல் நடக்க வேண்டிய இடம் இரண்டுக்கும் நடுவில் உள்ளது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள் இங்கு வைக்கப்படுகின்றன. பெரட்டுக்கும் கரகத்திற்கும் காமனுக்கும் சாவுக்கும் வெவ்வேறாக அடிக்கப்பட்ட தப்படிகளை, அவற்றை அறிந்த முதியோர் இருக்கும்போதே பல்கலைக்கழகங்கள் பெயரோடும் ஒலியோடும் பதிவு செய்ய வேண்டும். ரதியின் புலம்பலைத் தோட்டத்துப் பெண்களே பாடும் காமன் கூத்தை இளைய கலைஞர்கள் மேடையேற்ற வேண்டும். கோயிற் குழுக்கள், செக்ரோலிலிருந்து பிடிக்கப்பட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் உரிய வரவு செலவைத் திருவிழாவின் முதல் நாளன்று கொழுந்து எடுக்கும் பெண்களின் முன் படித்துக் காட்டி, அவ்வாண்டின் முதல் மரியாதையைத் தப்படிப்பவருக்கு வழங்க வேண்டும்.